கையெழுத்திடும் முன் ஒரு பேச்சு: முதிய பெற்றோரின் நம்பிக்கையைக் காக்கும் சட்டங்களும் திட்டங்களும்

புதுடெல்லி: வீட்டைப் பிள்ளையின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கவனிப்பாரின்றி நிற்கும் பெற்றோர் அந்தச் சொத்தைத் திரும்பப் பெற முடியுமா? மாதச் செலவுக்குப் பணம் தர மறுக்கும் பிள்ளைகளிடம் அதைக் கேட்டுப் பெற வழி உண்டா? எழுபது வயதைக் கடந்தவரின் மருத்துவமனைச் செலவை யார் ஏற்பது? பெற்றோர் முதுமையை எட்டும் குடும்பங்களில் எழும் இந்தக் கேள்விகளுக்கு நாட்டின் சட்டங்களிலும் அரசுத் திட்டங்களிலும் விடைகள் உள்ளன. ஆனால், அந்த விடைகளைத் தேடத் தொடங்கும்போது பல குடும்பங்களில் காலம் கடந்துவிடுகிறது.

தன் வீடு, தன் செலவுக்குரிய பணம், தன் சிகிச்சை, தன் கடைசிக் காலம் ஆகியவை குறித்துத் தானே முடிவெடுக்க முடியும் என்ற நிலை இருக்கும் வரை முதுமையில் நம்பிக்கை குறைவதில்லை. அந்த உரிமை கைநழுவும்போதுதான் அச்சம் தொடங்குகிறது. பெற்றோரைப் பராமரிப்பது என்பது அவர்களுக்கு உணவும் மருந்தும் தருவதோடு, இந்த உரிமையை அவர்கள் கையிலேயே இருக்கச் செய்வதும் ஆகும்.

மூத்தோர் எண்ணிக்கை

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. இப்போது அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சுமார் 10.4 கோடி பேர். 2021-இல் இந்த எண்ணிக்கை 13.8 கோடியாக இருக்கும் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. 2050-ஆம் ஆண்டில் இந்தியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மூத்த குடிமகனாக இருப்பார் என்பது ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் கணிப்பு.

மாநில வாரியாகப் பார்த்தால், 2021 மதிப்பீட்டில் மூத்தோர் விகிதம் கேரளத்தில் 16.5 சதவீதமாகவும், அடுத்த இடத்திலுள்ள தமிழ்நாட்டில் 13.6 சதவீதமாகவும் இருந்தது. பிறப்பு விகிதம் முன்கூட்டியே குறைந்ததும், இளையோர் வேலை தேடி வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்வதும் இம்மாநிலங்களில் பெற்றோர் தனித்திருக்கும் வீடுகளை அதிகரிக்கச் செய்துள்ளன.

சத்தர்பூர் தாயின் வழக்கு

மத்தியப் பிரதேச மாநிலம் சத்தர்பூரைச் சேர்ந்த தாய் ஒருவர், 1968-இல் வாங்கிய தமது சொத்தை 2019 செப்டம்பரில் மகனுக்குத் தானப் பத்திரம் மூலம் எழுதிக் கொடுத்தார். பெற்றோரை இறுதிவரை கவனித்துக்கொள்வேன், தவறினால் தானத்தைத் தாய் திரும்பப் பெறலாம் என்று மகன் எழுதிய வாக்குறுதிப் பத்திரமும் இருப்பதாகத் தாய் தரப்பு கூறியது. அது புனையப்பட்டது என்று மகன் மறுத்தார்.

2020 டிசம்பரில், தம்மை மகன் கவனிக்கவில்லை என்றும் மேலும் சொத்துக் கேட்டுத் துன்புறுத்துவதாகவும் கூறித் தாய் கோட்டாட்சியரிடம் மனு அளித்தார். தானம் செல்லாது என்று கோட்டாட்சியர் உத்தரவிட்டார். மாவட்ட ஆட்சியரும், பின்னர் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் அதை உறுதி செய்தனர். ஆனால், தானப் பத்திரத்தில் பராமரிப்பு குறித்த நிபந்தனை இல்லை என்று கூறி, உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2022 அக்டோபரில் அந்த உத்தரவுகளை ரத்து செய்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரி 2 அன்று நீதிபதிகள் சி.டி.ரவிக்குமார், சஞ்சய் கரோல் அமர்வு தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூத்தோர் நலனுக்காக இயற்றப்பட்ட சட்டத்தை அந்த நோக்கம் நிறைவேறும் வகையில் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறிய அமர்வு, தானப் பத்திரத்தை ரத்து செய்து, 2025 பிப்ரவரி 28-க்குள் சொத்தைத் தாயிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது.

தாய் வென்றார். ஆயினும் அதற்கு நான்கு ஆண்டுகளும் ஐந்து அமைப்புகளின் விசாரணையும் தேவைப்பட்டன. நிபந்தனை தானப் பத்திரத்திலேயே ஒரு வரியாக இடம்பெற்றிருந்தால் வழக்கின் பெரும்பகுதி எழாமலே போயிருக்கக்கூடும்.

சட்டப்பிரிவு 23 சொல்வது என்ன?

இந்த வழக்கின் அடிப்படை, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு. இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தமக்கு அடிப்படை வசதிகளும் உடல்சார்ந்த தேவைகளும் வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் ஒருவர் தமது சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதை நிறைவேற்றத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நிகழ்ந்ததாகவே கருதப்படும். அதைச் செல்லாது என அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

'நிபந்தனை' என்ற சொல்லைப் பொறுத்தே வழக்குகளின் முடிவு மாறுகிறது. அத்தகைய நிபந்தனை இருந்ததை நிறுவாவிட்டால் இப்பிரிவின் பயன் கிடைக்காது என்று 2022 டிசம்பர் 6 அன்று வழங்கிய தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. நாகப்பட்டினத்தைச் சேர்ந்த மூதாட்டி தொடர்பான வழக்கில் 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் எழுதித் தரப்படும் பத்திரத்தில் பராமரிப்பு என்பது உள்ளார்ந்த நிபந்தனை என்று கருதியது. ஒவ்வொரு வழக்கின் சூழலையும் பொறுத்து முடிவு மாறக்கூடும் என்பதால், நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிடுவதே பாதுகாப்பானது.

எழுதிக் கொடுப்பதற்கு வேறு வழிகளும் உள்ளன. உயில், அதை எழுதியவரின் மறைவுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிடுவது அவசியம். பதிவு கட்டாயமில்லை. தான செட்டில்மென்ட்டாகவே எழுத விரும்புவோர், தாம் வாழும் வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் அதன் வாடகையைப் பெறவும் ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாம். அவ்வாறு எழுதச் சொல்வது பிள்ளைகள் மீதான சந்தேகமாகாது. பின்னாளில் எழக்கூடிய மனக்கசப்பிலிருந்து இரு தரப்பையும் அது காக்கும்.

பராமரிப்புத் தொகை பெறுவது எப்படி?

தமது வருமானத்தாலோ சொத்தாலோ வாழ்க்கை நடத்த இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தரப் பராமரிப்புத் தொகை பெற 2007 சட்டம் வழிவகை செய்கிறது. பெற்ற தாய் தந்தையர், வளர்ப்புப் பெற்றோர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். பெற்றோர் விண்ணப்பிக்க 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோர் பொறுப்புடையவர்கள். பிள்ளையில்லாத மூத்தோர், தமது சொத்தை அனுபவிக்கும் அல்லது வாரிசாகப் பெறவிருக்கும் உறவினரிடம் கோரலாம்.

திருமணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று 1987-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின் கீழ் எழுந்த வழக்கு. அப்பிரிவின் இடத்தில் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு உள்ளது.

மனு அளிக்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் தலைமையிலான தீர்ப்பாயம். பெற்றோர் வசிக்கும் ஊரிலோ, கடைசியாக வசித்த ஊரிலோ, பிள்ளைகள் வசிக்கும் ஊரிலோ மனு அளிக்கலாம். நேரில் வர இயலாதவர் சார்பில், அவர் அதிகாரமளித்த வேறொருவரோ தன்னார்வ அமைப்போ விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாயம் தானாக முன்வந்தும் விசாரிக்கலாம்.

விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் விவகாரத்தை அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. பல குடும்பங்களுக்கு இதுவே போதுமானதாக அமையக்கூடும். நோட்டீஸ் வழங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மனுவை முடிக்க வேண்டும். விதிவிலக்கான சூழல்களில் மேலும் 30 நாட்கள் மட்டுமே நீட்டிக்கலாம். இடைக்காலத் தொகைக்கு உத்தரவிடவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மதிக்காமல் தொகையைச் செலுத்தத் தவறுபவருக்கு ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பராமரிக்கும் பொறுப்புடையவர், மூத்த குடிமகனை முற்றிலும் கைவிடும் நோக்குடன் ஓரிடத்தில் விட்டுச் சென்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டத்தின் குறைபாடுகளும் பேசப்படுகின்றன. பராமரிப்புத் தொகைக்கான உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். விலைவாசி பலமடங்கு உயர்ந்த பின்னும் இந்த வரம்பு நீடிக்கிறது. இதை நீக்கவும், மருமகன், மருமகள் ஆகியோரையும் பொறுப்புடையோர் வரையறைக்குள் கொண்டுவரவும் 2019 டிசம்பரில் மக்களவையில் திருத்த மசோதா அறிமுகப்படுத்தப்பட்டது. அது நிறைவேறாமலே காலாவதியானது.

மருமகளின் உரிமையும் உழைப்பும்

மூத்தோர் சட்டத்தைப் பயன்படுத்தி மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியுமா என்ற கேள்வி பெங்களூருவிலிருந்து உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2020 டிசம்பர் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு விடையளித்தது. மூத்தோரின் பாதுகாப்புக்குத் தேவையெனில் வெளியேற்ற உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு அளிக்கும் குடியிருப்பு உரிமையை அதன்மூலம் பறிக்க இயலாது. இரு சட்டங்களையும் இணைத்தே பார்க்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றத்துக்கு வெளியேயும் இந்தச் சமநிலை தேவைப்படுகிறது. படுக்கையிலிருக்கும் மாமியாருக்கு உணவூட்டுவது, இரவில் எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, மருந்து வேளை தவறாமல் பார்ப்பது ஆகிய பணிகள் பெரும்பாலான வீடுகளில் மருமகள், மகள் அல்லது வயது முதிர்ந்த மனைவியின் தோளில் விழுகின்றன. அதற்கு ஊதியமில்லை, விடுமுறையுமில்லை. வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளை, ஆண்டில் சில வாரங்களேனும் வந்து தங்கிப் பொறுப்பேற்றால் பராமரிப்பவருக்கு ஓய்வு கிடைக்கும். பராமரிப்பவர் சோர்ந்தால் அதன் விளைவை முதியவரும் அனுபவிக்க நேரிடும்.

கையில் ஒரு வருமானம்

வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கான இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதை எட்டியவர்களுக்கு 500 ரூபாய். மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்து வழங்குவதால், பெறும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

சேமிப்பு உள்ளவர்களுக்கு அஞ்சலகங்களிலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் காலாண்டுதோறும் வட்டி தருகிறது. இதன் உச்ச வரம்பு 2023-இல் 15 லட்சம் ரூபாயிலிருந்து 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை, 2014-இல் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' வசதி மூலம் இணையவழியில் சமர்ப்பிக்கலாம். கைரேகை தேய்ந்தவர்கள் செல்பேசியில் முக அடையாளம் மூலம் இதைச் செய்ய முடியும். 70 வயதைக் கடந்த வாடிக்கையாளர்களுக்குப் பணம் பெறுதல், செலுத்துதல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே வழங்க முயலுமாறு 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி வங்கிகளை அறிவுறுத்தியது.

மருத்துவ அட்டை: எது கிடைக்கும், எது கிடைக்காது?

ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், வருமான வரம்பின்றி 70 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் 2024 அக்டோபர் 29 அன்று விரிவுபடுத்தப்பட்டது. ஆதாரில் உள்ள வயதின் அடிப்படையில் 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டை வழங்கப்படுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி உள்நோயாளியாகச் சிகிச்சை பெறலாம். கணவன், மனைவி இருவருமே 70 வயதைக் கடந்தவர்கள் என்றால் இத்தொகை இருவருக்கும் பொதுவானது. ஏற்கெனவே இத்திட்டத்தில் உள்ள குடும்பமாயின், மூத்தோருக்கென்று கூடுதலாக 5 லட்சம் ரூபாய் உண்டு. முன்பே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை.

அதேவேளை, அன்றாட மாத்திரைகள், புறநோயாளி ஆலோசனை, வீட்டில் அமர்த்தும் உதவியாளருக்கான ஊதியம் ஆகியவை இதில் அடங்குவதில்லை. முதுமையின் செலவுகளில் பெரும்பகுதி மாதந்தோறும் வரும் இவைதாம். எனவே, அட்டை இருக்கிறது என்று சேமிப்பை முழுவதும் கரைத்துவிடுவது உகந்ததன்று.

'வயதானால் அப்படித்தான்' என்று விடலாமா?

காது மந்தமாவது, கண் மங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குறைவது ஆகியவற்றை முதுமையின் இயல்பென்று குடும்பங்கள் ஒதுக்கிவிடுகின்றன. கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. செவித்திறன் கருவி உரையாடலை மீட்டுத் தரும். பல மருத்துவர்கள் எழுதித் தந்த மருந்துகளை ஒரே மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்தால், தலைசுற்றலுக்கான காரணம் சில வேளைகளில் அந்தப் பட்டியலிலேயே புலப்படும். குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் எரியும் சிறுவிளக்கு ஆகியவை இடுப்பெலும்பு முறிவைத் தவிர்க்க உதவும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள மூத்தோருக்கும், மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கும் ஊன்றுகோல், செவித்திறன் கருவி, மூக்குக் கண்ணாடி, செயற்கைப் பற்கள் போன்றவற்றை 2017-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இலவசமாக வழங்குகிறது.

நினைவுத்திறன் குறைபாடு தனிக் கவனம் கோருவது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர், அதாவது 7.4 சதவீதத்தினர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. தெரிந்த தெருவில் வழி தவறுவது, ஒரே கட்டணத்தை இருமுறை செலுத்துவது, பழகிய சமையலின் வரிசையை மறப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் சீராகக்கூடும். மறதி நோயே என்றாலும், தொடக்கத்தில் கண்டறிந்தால் தமது சொத்து, சிகிச்சை, இருப்பிடம் பற்றிய விருப்பத்தை அவர் தெளிவான மனத்துடன் தாமே சொல்ல முடியும்.

இறுதிக்கால மருத்துவ விருப்பத்தையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மீள வழியற்ற நிலையில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்க வேண்டாம் என்று பதிவு செய்யும் ஆவணத்தை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளுடன், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் இதை எழுதலாம். 'அப்பாவுக்கு என்ன விருப்பம்?' என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகள் தங்களுக்குள் வாதிடும் நிலையை இது தவிர்க்கும்.

கேரளம் காட்டும் வழி

சிறு குடும்பங்களால் மட்டுமே சுமக்க இயலாத பராமரிப்பை ஊர் சேர்ந்து சுமக்கலாம் என்பதற்குக் கேரளம் சான்று. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சை முயற்சி, பின்னர் தன்னார்வலர்களைக் கொண்ட அக்கம்பக்க வலைப்பின்னலாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகளின் ஆதரவுடன், பயிற்சி பெற்ற செவிலியர் படுக்கையிலிருப்போரின் வீடுகளுக்கே செல்கிறார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், வலிக்கு மருந்து தருகிறார், பராமரிக்கும் குடும்பத்தினருக்குச் செய்முறை கற்பிக்கிறார். உடன் வரும் தன்னார்வலர்கள் சற்று நேரம் அமர்ந்து பேசிவிட்டுச் செல்கின்றனர். மூத்தோர் பெருகும் பிற மாநிலங்களுக்கும் இது பொருந்தக்கூடிய முன்மாதிரி.

எங்கிருந்து தொடங்குவது?

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய மூத்தோர் உதவி எண் 14567. தினமும் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இக்கட்டணமில்லா எண்ணில் சட்ட உதவி, ஓய்வூதியம், முதியோர் இல்லம், மனநல ஆதரவு ஆகியவை குறித்துக் கேட்கலாம். கைவிடப்பட்ட முதியவரைக் காண்போரும் இந்த எண்ணில் தகவல் தரலாம். ஆயுஷ்மான் அட்டை தொடர்பான விவரங்களுக்கு 14555.

உதவி எண்ணை அழைக்கும் நிலை வருவதற்கு முன்பே குடும்பத்துக்குள் ஒரு பேச்சு நிகழ வேண்டும். வீடு யார் பெயரில் இருக்க வேண்டும், உடல் தளர்ந்தால் எங்கு வாழ விருப்பம், யார் எந்தப் பொறுப்பை ஏற்பது, செலவை எப்படிப் பகிர்வது என்று பெற்றோர் நலமாக இருக்கும்போதே பிள்ளைகள் அனைவரும் கூடிக் கேட்பது நல்லது. கேட்டதை எழுதி வைப்பது அதனினும் நல்லது. அந்தப் பேச்சில் பெற்றோரின் சொல்லே முதலாகவும் முடிவாகவும் இருந்தால், அதன்பின் இடும் எந்தக் கையெழுத்தும் அவர்களை அச்சுறுத்தாது.